மூன்று மாரியாக ஒரே கொப்புக்கு வரும் ஈப்பிடிப்பான் வழி தவறியதா?

வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தம்பி இப்படிக் கேட்டிருந்தார்: "டீச்சர், எங்கள் தொடர்மாடிக்குப் பின்னால் வாய்க்கால் பக்கமாக ஒரு ஜாம் மரம் நிற்கிறது. மூன்று வருடமாக ஒக்டோபர் கடைசியில் ஒரு சின்னப் பழுப்புக் குருவி அங்கே வருகிறது, மார்ச் வரை இருக்கிறது. எந்த நேரமும் அதே கொப்பில் இருந்து பூச்சி பிடிக்கும். தொண்டையில் கொஞ்சம் செம்மஞ்சள் தெரிவது போல இருக்கிறது. என்னோடு வேலை செய்பவர் படத்தைப் பார்த்துவிட்டு, இது காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்கிறார். இன்னொருவர், அது நுவரெலியாவுக்குப் போகிற பறவை, கொழும்பில் இருந்தால் வழி தவறி வந்ததாகத்தான் இருக்கும் என்கிறார். வழி தவறிய பறவை மூன்று வருடமும் அதே மரத்துக்கு எப்படி வரும்?"

தம்பி, உங்கள் கடைசிக் கேள்வி நல்ல கேள்வி. அதற்கு மட்டும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது முறையும் அதே கொப்புக்கு வந்த பறவை வழி தவறியதல்ல. முதல் வருடம் வேண்டுமானால் எப்படியோ வந்து சேர்ந்திருக்கலாம். இரண்டாம் வருடத்திலிருந்து அது தெரிந்த இடத்துக்குத்தான் வருகிறது. அதன் இனத்துக்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் வரைபடம் ஒன்று, அந்தத் தனிப் பறவை மனதில் வைத்திருக்கும் வரைபடம் வேறொன்று.

ஆனால் அது எந்தப் பறவை என்று தீராமல் மேலே போனால், நாம் இருவரும் இல்லாத ஒன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். காஷ்மீர் ஈப்பிடிப்பான் கொழும்பில் மாரி முழுக்கத் தங்குகிறது என்பது பெரிய செய்தி. பெரிய செய்திக்குப் பெரிய ஆதாரம் வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் வெளிச்சம் பறவைக்குப் பின்னால் இருக்கிறது, வாலை இலை மறைத்திருக்கிறது. எனக்கு வேண்டியது அந்த வால்தான்.

காஷ்மீர் ஈப்பிடிப்பான், செந்தொண்டை ஈப்பிடிப்பான், சைபீரியாவின் தைகா ஈப்பிடிப்பான் மூன்றும் நெருங்கிய சொந்தக்காரர்கள். மூன்றுக்கும் கறுத்த வால், அதன் அடிப்பகுதியில் இரண்டு பக்கமும் வெள்ளை. பறவை பறந்து திரும்பும்போது அந்த வெள்ளை பளிச்சென்று தெரியும். மூன்றுமே வாலை மேல்நோக்கிச் சுண்டும் பழக்கம் உள்ளவை. காஷ்மீர் பறவைக்குத் தரை வரை இறங்கிப் பூச்சி எடுக்கவும் பிடிக்கும். வயது வந்த காஷ்மீர் ஆணை ஒருமுறை பார்த்தால் மறக்க முடியாது. தொண்டையிலிருந்து வயிறு வரை ஆழ்ந்த செம்மஞ்சள், அதன் இரு ஓரத்திலும் கறுப்புக் கரை. சேலைக்குக் கரை வைத்தது போல இருக்கும். பெண்ணும் இளம் பறவையும் அவ்வளவு சுலபம் இல்லை. சாம்பல் கலந்த பழுப்பு, நெஞ்சில் இலேசான மங்கல் நிறம். அங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறோம்.

கொழும்பு வளவுகளுக்கு மாரியில் வழக்கமாக வருவது ஆசியப் பழுப்பு ஈப்பிடிப்பான். அதன் வாலில் வெள்ளையே கிடையாது. பெரிய கறுத்த கண், கண்ணைச் சுற்றி வெளிறிய வளையம், அலகின் கீழ்ப்பாதி அடியில் மஞ்சள், கால் கறுப்பு. முதுகு சாம்பல் படிந்த பழுப்பு, வயிறு அழுக்கு வெள்ளை. ஒரே கொப்பில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். பறந்து போய்ப் பூச்சியைக் கவ்விக்கொண்டு திரும்பவும் அதே கொப்புக்கு வரும். நீங்கள் எழுதியிருக்கும் நடத்தை அச்சொட்டாக இதுதான். தொண்டைச் செம்மஞ்சளைப் பற்றி ஒன்று கேட்கிறேன்: அதைக் காலையில் கண்டீர்களா, பின்னேரம் ஐந்தரை மணிக்குக் கண்டீர்களா? கடற்கரைப் பக்கத்து மாலை வெயில் நேரே விழும்போது காகத்தின் நெஞ்சுகூடச் செம்பு பூசியது போலத் தெரியும். நண்பகலுக்கு முன் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இன்னொரு சாத்தியமும் உண்டு. டிக்கெல் நீல ஈப்பிடிப்பானின் பெண். நெஞ்சில் செம்மஞ்சள் இருக்கும், முதுகில் மங்கிய நீலச் சாம்பல் இருக்கும். அது வலசைப் பறவை அல்ல, வருடம் முழுக்க இலங்கையிலேயே இருப்பது. மரம் அடர்ந்த இடம் கேட்கும். ஏப்ரலுக்குப் பிறகு உங்கள் குருவி காணாமல் போகிறது என்றால் அது இதுவாக இருக்க வாய்ப்புக் குறைவு.

ஆகவே என் கணிப்பு, பத்துக்கு எட்டு, ஆசியப் பழுப்பு. இதைக் கேட்டு மனம் சோர வேண்டாம். பத்து கிராம் அளவே எடையுள்ள பறவை அது. இந்த இனம் கூடு கட்டுவது பைக்கால் ஏரிப் பக்கத்துச் சைபீரியாவிலிருந்து ஜப்பான் வரை. இமயமலை அடிவாரத்திலும் உண்டு. பைக்கால் பக்கத்திலிருந்து வந்ததானால், உங்கள் ஜாம் மரத்துக்கு நேர்கோட்டிலேயே 5,000 கிலோமீற்றருக்கு மேல். இரவில், தனியாக, தாய் தகப்பன் துணை இல்லாமல் வந்திருக்கிறது. வாய்க்கால் ஓரத்து ஒரு மரத்தை எங்கே என்று திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. என் தெஹிவளை வீட்டுக்குப் பின்வளவில் கொய்யா மரம் நின்ற காலத்தில் இதே இனப் பறவை ஒன்று நான்கு மாரி தொடர்ந்து வந்தது. நான்கு வருடமும் ஒக்டோபரில் பள்ளிக்கூடம் போவதற்கு முன் தேநீரோடு அதைத் தேடி நிற்பேன். ஐந்தாவது வருடம் வரவில்லை. அந்த வருடம் முழுக்கக் கொய்யாவைப் பார்க்கவே ஒரு மாதிரியாக இருந்தது.

நான்கு வருடமும் வந்தது ஒரே பறவைதானா என்று கேட்டால், ஆய்வாளர்கள் காலில் மாட்டும் அடையாள வளையம் இல்லாமல் சத்தியம் செய்ய முடியாது. நல்ல மரத்தில் இடம் காலியானால் வேறொன்று பிடித்துக்கொள்ளும். ஆனால் ஈப்பிடிப்பான்கள் மாரிகாலத்தில் தனித்தனியாக ஆளுக்கொரு எல்லை வைத்திருப்பவை, அடுத்த வருடமும் அதே எல்லைக்குத் திரும்பும் இயல்பு உள்ளவை. ஒரே கொப்பு, ஒரே வாரம், ஒரே பழக்கம் என்றால் அது அதே பறவை என்றுதான் என் மனம் சொல்லும்.

சரி, இப்போது மற்றப் பக்கம். நீங்கள் நாளைக் காலை பார்க்கிறீர்கள், வால் விரிகிறது, இரண்டு பக்கமும் வெள்ளை. அப்படியானால்?

அப்படியானால் கதை வேறு. காஷ்மீர் ஈப்பிடிப்பான் கூடு கட்டுவது வடமேற்கு இமயத்தில், காஷ்மீரைச் சுற்றிய மலைக்காடுகளில், சுமார் 1,800 முதல் 2,700 மீற்றர் உயரத்தில். மரப்பொந்தில் முட்டை இடும். உலகத்திலேயே அது இனம் பெருக்கும் இடம் அவ்வளவு சின்னது. அந்தக் காடுகள் அழிவதால் ஆபத்திலுள்ள உயிரினங்களைக் குறிக்கும் பன்னாட்டுச் செம்பட்டியலில் எளிதில் பாதிக்கப்படக்கூடிய இனமாக வைத்திருக்கிறார்கள். மாரியில் அது வருவது பெரும்பாலும் நம்முடைய மலைநாட்டுக்கு. 750 மீற்றருக்கு மேற்பட்ட இடங்கள்தான் அதற்குப் பழக்கம்: காட்டோரம், தேயிலைத் தோட்ட ஓரம், மலைநகரங்களின் பூங்காக்கள். அடுத்தபடியாக நீலகிரி, உதகைப் பக்கம். காஷ்மீருக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் ஏறக்குறைய 3,000 கிலோமீற்றர். நடுவில் இருக்கும் இந்தியச் சமவெளி முழுவதையும் தாண்டி, தெற்கு மூலையில் இன்னொரு குளிர்ந்த மலையைத் தேடிப் பிடிக்கிறது. மலையில் பிறந்தது மலையிலேயே மாரியையும் கழிக்க வேண்டும் என்று நினைப்பது போல.

நுவரெலியா விக்டோரியா பூங்காதான் அதைப் பார்க்க உலகத்திலேயே பேர் போன இடம். நகரின் நடுவில், பஸ் நிலையச் சத்தத்துக்குள், குப்பை நாற்றம் வீசும் ஒரு ஓடைக்கரையில். அதே ஓடையில் கறுப்பு வெள்ளைப் பூங்குருவியும் இந்திய நீலச் சிட்டும் ஆறுமணிக்குருவியும் கிடைக்கும். இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. கொழும்பு 7இல் உள்ள விகாரமாதேவி பூங்காவின் பழைய பெயரும் விக்டோரியா பூங்காதான். பழைய குறிப்புகளைப் புரட்டி "விக்டோரியா பூங்காவில் காஷ்மீர் ஈப்பிடிப்பான்" என்று ஒரு வரி கண்டு, அது கொழும்பிலும் வழக்கமாக இருந்தது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். எந்த ஊர் விக்டோரியா என்று பாருங்கள்.

மாதமும் முக்கியம். ஒக்டோபர், நவம்பரில் மலைக்குப் போகும் பறவை ஒன்று கடலைத் தாண்டி வந்த களைப்பில் தாழ்நிலத்தில் இரண்டு மூன்று நாள் இளைப்பாறலாம். மார்ச் கடைசியில் திரும்பும்போதும் அப்படித்தான். அந்த மாதங்களில் கொழும்பில் ஒன்றைக் கண்டால் அது வழிப்போக்கன். தைப்பொங்கல் அன்று அதே மரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஜனவரி நடுவில் ஒரு பறவை எங்கே இருக்கிறதோ அதுதான் அதன் மாரிகால வீடு. மூன்று வருடமும் பொங்கலுக்கு இருந்தது என்று உங்களால் சொல்ல முடிந்தால், அந்த ஒரு வரிக்கே பெறுமதி உண்டு.

இனி, தன் இனத்தின் வழக்கமான இடத்துக்கு வெளியே ஒரு பறவை எப்படி வழக்கமாக மாரி கழிக்கத் தொடங்குகிறது? எனக்கு இதில்தான் ஆசை அதிகம், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

சின்னப் பறவைகளில் பெரும்பாலானவை முதல் வலசையைத் தனியாகவே போகின்றன. வழி காட்ட யாரும் இல்லை. எந்தத் திசை, எத்தனை நாள் என்ற கணக்கு பிறப்போடு வருகிறது. சூரியன், நட்சத்திரம், பூமியின் காந்தப்புலம் மூன்றையும் வைத்து அந்தத் திசையைப் பிடித்துக்கொண்டு போகும். போய்ச் சேர்ந்த இடத்தை மட்டும் அது கற்றுக்கொள்கிறது. அடுத்த வருடம் பறப்பது வெறும் திசையை நம்பி அல்ல, ஊரை நினைத்து.

இதைக் காட்டிய பழைய பரிசோதனை ஒன்று உண்டு. 1950களில் பெர்டெக் என்ற ஒல்லாந்து ஆய்வாளரின் குழு ஹேக் நகரப் பக்கத்தில் வலசை போய்க்கொண்டிருந்த மைனா வகைப் பறவைகளில் 11,000க்கும் மேற்பட்டவற்றைப் பிடித்தது. அவற்றை விமானத்தில் ஏற்றிச் சுவிற்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். முன்னே போய் வந்த வயது வந்த பறவைகள் ஏதோ பிசகிவிட்டது என்று அறிந்து, திசையை மாற்றி, பழக்கமான பிரித்தானியா, வட பிரான்ஸ் பக்கம் போய்ச் சேர்ந்தன. இளம் பறவைகளுக்கு அது தெரியவில்லை. பிறவித் திசையிலேயே நேராகப் போய்த் தென் பிரான்சிலும் ஸ்பெயினிலும் இறங்கின. விஷயம் இதோடு முடியவில்லை. அந்த இளம் பறவைகள் அடுத்தடுத்த மாரிகளில் இறங்கியது அந்தப் "பிழையான" இடத்திலேயே. முதல் மாரியைக் கழித்த இடம் அவற்றின் ஊராகிவிட்டது. உங்கள் நண்பர் சொல்கிற "வழி தவறியது" முதல் வருடத்துக்கு மட்டும் பொருந்தும் என்று நான் ஏன் சொன்னேன் என்பது இப்போது விளங்கும்.

பெர்டெக் பறவைகளை மனிதர் தூக்கிக்கொண்டு போனார்கள். யாரும் தூக்காமலே இது நடக்குமா? நடக்கிறது. ஐரோப்பாவில் கருந்தொப்பிக் கதிர்க்குருவி என்று ஒன்று. ஜேர்மனிப் பக்கத்தில் பிறந்தவை வழக்கமாகத் தென்மேற்கே ஸ்பெயின் பக்கம் போகும். 1960களிலிருந்து பிரித்தானியாவில் மாரி கழிப்பவை கூடிக்கொண்டே வந்தன. பெர்ட்டோல்ட் என்ற ஜேர்மன் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அப்படி அங்கே தங்கியவற்றைப் பிடித்துக் கூண்டில் இனம் பெருக்கி, குஞ்சுகள் எந்தப் பக்கம் பறக்கத் துடிக்கின்றன என்று பார்த்தார்கள். ஒருமுறைகூட வெளியே பறந்திராத குஞ்சுகள், பெற்றோரைப் போலவே மேற்கு, வடமேற்குப் பக்கம் திரும்பின. முடிவை 1992இல் வெளியிட்டார்கள். திசை பரம்பரையாக இறங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். சில பறவைகளுக்கு எப்போதுமே கொஞ்சம் கோணிய திசை பிறப்பிலேயே இருந்திருக்கும். முன்பு அப்படிப் போனவை குளிரில் செத்துப்போயின, அந்தக் கோணலும் அவற்றோடு முடிந்தது. மாரி மிதமாகி, வீட்டுத் தோட்டங்களில் சனம் தீனி வைக்கத் தொடங்கியதும் அவை பிழைத்தன. பிழைத்தவை குஞ்சு பொரித்தன.

அண்மைய உதாரணம் ஒன்று நம் பக்கத்தோடு தொடர்புடையது. ரிச்சர்ட் நெட்டைக்காலி சைபீரியாவில் பிறந்து தெற்கு ஆசியாவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் வலசை வரும் பறவை. இலங்கைப் புல்வெளிகளுக்கும் வரும். மேற்கு ஐரோப்பாவில் அதைக் கண்டால் நீண்ட காலம் "வழி தவறியது" என்றே எழுதினார்கள். தென் பிரான்சில் மாரி கழிப்பவற்றில் வளையமும் சிறு பதிவுக் கருவியும் பூட்டிப் பார்த்தபோது, அதே பறவைகள் சைபீரியப் பக்கம் போய்க் கூடு கட்டி, அடுத்த மாரிக்கு அதே வயலுக்குத் திரும்பின. 2021இல் வந்த ஆய்வு அது. கிழக்கு மேற்காக ஒரு புதிய வலசைப் பாதை திறந்துவிட்டது என்று எழுதினார்கள். அரியது, அரியது என்று ஆளுக்கொன்றாகக் குறித்துவைத்தவை எல்லாம் சேர்ந்து கடைசியில் ஒரு பாதையாக இருந்திருக்கின்றன.

இந்தக் கண்ணோடு இலங்கையைப் பாருங்கள். வலசைப் பறவைகள் மேற்கு இந்தியக் கரை வழியாக, கிழக்கு இந்தியக் கரை வழியாக, அந்தமான் பக்கமாக என்று மூன்று வழியில் இங்கே வருகின்றன. வந்தால் அதற்கப்பால் போக இடமில்லை. தேவேந்திரமுனைக்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரை வெறும் கடல். திசை கொஞ்சம் கோணிய, அல்லது நாள் கணக்கு ஒன்றிரண்டு கூடிய பறவை இந்தியாவுக்குள் எங்கேயாவது கலந்து மறைந்துபோகலாம். இங்கே வந்தால் இங்கேதான் நிற்க வேண்டும். செந்தொண்டையோ தைகாவோ இலங்கையின் வழக்கமான மாரிகால விருந்தாளிகள் அல்ல. முன்னது கிழக்கு ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்கு வருவது, பின்னது சைபீரியாவிலிருந்து பெரும்பாலும் தென்கிழக்கு ஆசியாவுக்குப் போவது. ஆனாலும் வெள்ளை அடி கொண்ட வால் ஒன்றைக் கொழும்பில் கண்டால் காஷ்மீர் என்று மட்டும் எண்ணி நிறுத்தாமல், இவை இரண்டையும் மனதில் வையுங்கள். செந்தொண்டையின் வயது வந்த ஆண் மாரியிலும் தொண்டைச் செம்மஞ்சளைக் கழற்றாது. தைகா ஆண் இலையுதிர் காலத்து இறகு மாற்றத்தில் அதை இழந்துவிடும், ஊர் திரும்புமுன் மீண்டும் போட்டுக்கொள்ளும். தைகாவின் அலகு முழுக்கக் கறுப்பு. வாலுக்கு மேலே மூடும் இறகுகளும் கரிக்கறுப்பு. குரலும் உதவும். செந்தொண்டையின் "டிர்ர்ர்" மெதுவானது, ஒவ்வொரு தட்டும் தனியே கேட்கும். தைகாவினுடையது காதால் எண்ண முடியாத வேகம். கைப்பேசியில் ஒலியைப் பதிந்து வையுங்கள். ஆனால் பதிந்ததைப் பறவைக்குப் போட்டுக் காட்ட வேண்டாம். தன் எல்லைக்குள் அந்நியன் வந்துவிட்டான் என்று அது சாப்பாட்டை விட்டுவிட்டுச் சண்டைக்குத் தேடித் திரியும். அடுத்த பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்க வேண்டிய உடம்பு அது.

"வழக்கமான இடம்" என்ற சொல்லையும் நான் அவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பதில்லை. அதற்குக் காரணம் முத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையில் அரசு வேலை பார்த்த எட்கர் லேயார்ட் என்ற ஆங்கிலேயருக்குப் பறவை சேர்க்கும் பழக்கம். அவரிடம் வேலை பார்த்த தமிழர் முத்து, பருத்தித்துறையில் ஒரு பழுப்பு ஈப்பிடிப்பானைக் கொண்டுவந்து கொடுத்தார். அதுவரை அறிவியல் அறியாத இனம் அது. 1854இல் லேயார்ட் அதை விவரித்தபோது முத்துவின் பெயரையே வைத்தார். இன்றும் உலகம் முழுக்க அதன் அறிவியல் பெயர் மஸ்கிகாபா முத்துயி. வெளிர்ந்த மஞ்சள் கால், நெஞ்சில் பழுப்புப் பட்டை, வெள்ளைத் தொண்டை. தமிழில் பழுப்பு நெஞ்சு ஈப்பிடிப்பான் என்கிறோம். என்னைக் கேட்டால் முத்து ஈப்பிடிப்பான் என்றே அழைக்கலாம், அந்த மனிதருக்கு நம் மொழியில் அந்த ஒரு மரியாதையாவது கிடைக்கும்.

இப்போது கவனியுங்கள். அந்தப் பறவை கூடு கட்டுவது வடகிழக்கு இந்தியா, மியன்மார், தென்சீனப் பக்கம். மாரி கழிப்பது தென்மேற்கு இந்தியாவிலும் இலங்கையிலும், நிழலும் ஈரமும் உள்ள காடுகளில். அதைத் தேடுகிறவர்கள் இன்று சிங்கராஜாவுக்கும் மலையடிவாரங்களுக்கும் போகிறார்கள். உலகத்துக்குத் தெரிந்த முதல் பறவையோ பனையும் மணலுமான பருத்தித்துறையில் கிடைத்தது. அந்த ஒன்றை மட்டும் வைத்து வரைபடம் கீறியிருந்தால் முழுக்கப் பிழையாக இருந்திருக்கும். ஒரு பறவை ஒரு இடத்தைத்தான் சொல்லும். பல வருடத்துக் குறிப்புகள் சேர்ந்தால்தான் வழக்கம் எது, விதிவிலக்கு எது என்று பிரிக்கலாம்.

மற்றப் பக்கமும் உண்டு. முன்பு அரியது என்று சொன்ன பறவை இப்போது அடிக்கடி தெரிகிறது என்றால், பறவை கூடியதா, பார்க்கிறவர்கள் கூடினார்களா? நான் படித்த காலத்தில் கொழும்பில் பைனாகுலர் வைத்திருந்தவர்களைக் கைவிரலில் எண்ணலாம். இலங்கைப் பறவைக் கழகம் 1943இலிருந்து இருக்கிறது, கொழும்புப் பல்கலைக்கழகத்தில் களப் பறவையியல் குழு 1976இல் தொடங்கியது. அவர்கள் வைத்த குறிப்புகள் இல்லாவிட்டால் இன்று ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமே இருக்காது. இப்போது நல்ல கமரா உள்ள பிள்ளைகள் ஒவ்வொரு ஞாயிறும் தலங்கம குளத்திலும் பெத்தகானவிலும் தியசரு பூங்காவிலும் நிற்கிறார்கள். கண்கள் பத்து மடங்கு கூடினால் அரிய பறவையும் கூடத் தெரியும். இதைக் கழித்துவிட்டுத்தான் மாற்றத்தைப் பற்றிப் பேச வேண்டும். எழுதும்போது எது எது என்று பிரித்தும் எழுத வேண்டும். அதற்கு நல்ல உதாரணம் அரசவால் ஈப்பிடிப்பான் (பெயரில்தான் ஈப்பிடிப்பான், குடும்பம் வேறு). சிங்களவர்கள் செம்பழுப்பு வாலைக் கினி ஹொரா, நெருப்புத் திருடன் என்றும், வெள்ளை வாலை ரெதி ஹொரா, துணித் திருடன் என்றும் சொல்வார்கள். இலங்கையிலேயே வாழும் ஆண்கள் வெள்ளையாவதில்லை. வெள்ளை வால் மாரியில் இந்தியாவிலிருந்து வரும் ஆண். இரண்டையும் ஒரே பெயரில் எழுதி வைத்தால் வருகிறது எது, இருக்கிறது எது என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

கொழும்பில் ஒரு வலசைப் பறவை மாரி முழுக்கத் தங்க முடியும் என்பதில் எனக்கு ஐயமில்லை. குளிர் இங்கே கொல்லாது. பூச்சி இருந்தால் போதும். 2018இல் கொழும்புக்கு, ராம்சார் என்ற பன்னாட்டு ஈரநில உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. அந்த ஈரநிலங்களின் சிறு நரம்பு போலத்தான் உங்கள் வாய்க்காலும் ஓடுகிறது. அதில் பூச்சி பொரிக்கிறது, ஜாம் மரம் வருடம் முழுக்கப் பூத்துப் பழுத்து இன்னும் பூச்சியை இழுக்கிறது. ஈப்பிடிப்பானுக்கு வேறென்ன வேண்டும்? சனம் அந்த மரத்தைக் குப்பை மரம் என்று வெட்டிவிடுவதுதான் எனக்குக் கவலை.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். ஒரு கொப்பி எடுங்கள். முதல் கண்ட நாள், கடைசியாகக் கண்ட நாள் இரண்டையும் எழுதுங்கள். தேடியும் காணாத நாட்களையும் எழுதுங்கள். பலர் விடுவது அதைத்தான், பிறகு பார்த்தால் "இல்லை" என்பதற்கும் "பார்க்கவில்லை" என்பதற்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். எந்த நேரம், எந்தக் கொப்பு, எத்தனை பறவை, வால் எப்படி, கால் என்ன நிறம். இனம் நிச்சயமில்லை என்றால் "நிச்சயமில்லை" என்றே எழுதுங்கள். அப்படி எழுதிய கொப்பிக்கு இருபது வருடம் கழித்தும் மதிப்பிருக்கும். ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையத்தளத்தில் போடுவதானால் படத்தோடு போடுங்கள், சரிபார்ப்பவர் கேள்வி கேட்டால் கோபிக்க வேண்டாம். அவர் கேட்பது உங்களைச் சந்தேகித்து அல்ல.

இந்த ஞாயிறு எனக்கு வேலை இல்லை. காலை ஆறரைக்கு நான் வரலாம், மேல்மாடிப் பால்கனியிலிருந்து இருவருமாகப் பார்ப்போம். உங்கள் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். படலையைக் கொஞ்சம் திறந்து வைத்தால் காவலாளியை எழுப்பாமல் உள்ளே வந்துவிடுவேன். அதற்கிடையில் அது பறந்து திரும்பும் கணத்தில் வாலைப் பார்த்துவிட்டால், இரவானாலும் ஒரு வட்ஸ்அப் போடுங்கள்.